வில்லங்கம் பார்த்தல்

பில்டரே ஒரு வக்கீலைத் தந்தார், இலவசமாக,
மாடுலர் கிச்சனோடும்
இரண்டு சீலிங் ஃபேனோடும் சேர்த்து.
"பேப்பர்ஸ் எல்லாம் கிளியர் மேடம்" என்றார் அவர்,
ஃபைலின் நாடாவை அவிழ்க்காமலே.

வங்கியிலும் ஒருவர் இருந்தார்.
அவரை நான் பார்த்ததில்லை.
வேளச்சேரி கிளையில் கடன் பிரிவுப் பையன் சொன்னான்,
"எங்க பேனல் அட்வகேட் பார்த்துட்டார்,
ரெண்டே நாள்ல ஒப்பீனியன் வந்தாச்சு."
எனக்கொரு நகல் கிடைக்குமா என்றேன்.
"அது பேங்குக்கு மேடம்."
கட்டணம் மட்டும் என் கணக்கில்.
இருபது வருடம், மாதம் முப்பத்தோராயிரத்து நானூறு
கட்டப்போகிறவள் நான்.
சந்தேகப்படும் உரிமை அவர்களுக்கு.

"பேங்க்காரனே பணம் கொடுக்கிறான்,
அவன் என்ன மடையனா?" என்றார் தேவசகாயம்.
டோக்கன் இரண்டு லட்சத்தை எண்ணிக் கொடுத்த கை அவருடையது.
அதற்குப் பயப்பட நியாயம் இருந்தது.

நான் தேடினேன்.
ஒருவர் மூவாயிரம் கேட்டார்,
வாட்ஸப்பில் அனுப்புங்க, சாயங்காலம் சொல்லிடறேன் என்றார்.
இன்னொருவர்
போனை வீட்டுக்காரரிடம் கொடுக்கச் சொன்னார்.

மெஹருன்னிசாவின் அறை
அரண்மனைக்காரத் தெருவில், முத்திரைத்தாள் கடைக்கு மேல்
மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.
எட்டாயிரம் என்றார். குறைக்கவில்லை.
ஈரப் பஞ்சில் விரல் தொட்டுப்
பக்கங்களை எண்ணினார்: நூற்றுப் பதினாறு.
"தாய்ப்பத்திரம் ஜெராக்ஸ்தானே. அசலைப் பார்த்தீங்களா?"
இல்லை.
"நானும் பார்க்கலை. அதனால இன்னிக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது.
பதினஞ்சு நாள் கொடுங்க."

அந்தத் தெரியாதுக்குத்தான்
எட்டாயிரம் கொடுத்தேன்.

பதினேழாம் நாள் கூப்பிட்டார்.
மேடவாக்கத்தில் எங்கள் இரண்டாம் மாடிப் படுக்கையறை
1987இல் ஒரு நஞ்சை.
வடக்கே ஏரி வாய்க்கால்,
தெற்கே சின்னசாமி வகையறா நிலம்.
காலஞ்சென்ற துரைக்கண்ணுவின் மகன்கள் மூவர்,
விற்ற கிரயத்தில் மூன்று கையெழுத்து.
வாரிசுச் சான்றிலோ நான்கு பெயர்.
நான்காவதைச் சுற்றிப் பென்சிலால்
மெல்லிய வட்டம்:
அஞ்சலாட்சி, மகள், வயது பத்தொன்பது.

"இவங்க விடுதலைப் பத்திரம் எங்கே?"

இலவச வக்கீல் போனில் சிரித்தார்.
"பொண்ணு மேடம். கட்டிக் கொடுத்திருப்பாங்க.
முப்பத்தெட்டு வருஷம் வராதவ
இனிமேலா வரப்போறா?"
வங்கிக்கு ஆட்சேபம் இல்லை.
தேவசகாயத்துக்குத் தூக்கம் இல்லை.

"வாங்காதீங்கன்னு எழுத மாட்டேன்," என்றார் மெஹருன்னிசா,
"இப்படி ஒருத்தர் இருக்காங்கன்னு எழுதுவேன்.
அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

பாரிமுனையில் பஸ் ஏறினேன், ஃபைல் மடியில்.
சைதாப்பேட்டை வரை நகரவில்லை நெரிசல்.
யாரும் கேட்கவில்லையா, அஞ்சலாட்சி?
கேட்டும் கொடுக்க மாட்டேன் என்றாயா?
அண்ணன்மார் வீட்டு விசேஷங்களுக்கு
அதற்குப் பிறகு உன்னை அழைத்தார்களா?
நீ போடாத ஒரு கையெழுத்து
எங்கள் இரண்டு லட்சத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
உன்மேல் எனக்குக் கோபம் வரவேண்டும்.

என்னைக் கேட்டார்கள்.
அரக்கோணம் சார்பதிவகம், வெயில்,
ஏழு இடத்தில் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள்
நான் எழுத வேண்டிய இடங்களில்.
அன்பினாலும் பாசத்தினாலும் விட்டுக்கொடுப்பதாகப்
பத்திர எழுத்தர் என் சார்பில் எழுதியிருந்தார்.
வெளியே வந்ததும் பெரிய அண்ணன்
ரோஸ்மில்க் வாங்கித் தந்தான்.
நன்றாகத்தான் இருந்தது, ஐஸ் போட்டு.

அந்த நிலத்தையும் இன்று யாரோ வாங்கப்போகலாம்.
கடன் போட்டு, மூன்று மாடி ஏறி,
மெஹருன்னிசா மாதிரி ஒருத்தியிடம் கொடுத்து
வரிவரியாகப் பார்க்கலாம்.
என் பெயரில் பென்சில் நிற்காது.
ஏழு கையெழுத்தும் ஒன்றுபோல் இருக்கும்.
என்னால் ஒரு வில்லங்கமும் இல்லை
யாருக்கும்.