ஒற்றைக் கோடு

திரை முழுக்க இருட்டு.
நடுவில் மட்டும் ஒரு கோடு,
பழுத்த மஞ்சள் நிறத்தில்,
நூலைப் பிடித்து இழுத்துக் கட்டியது போல.

இருபத்தைந்து வரிகள் இருக்க வேண்டிய இடம்.
அத்தனையும் இதற்குள்தான் இருக்கின்றன,
ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டு,
தகர டப்பாவுக்குள் ஸ்ப்ராட் மீன்கள் மாதிரி.

கணினியும் மீன் ஆலையுடையதுதான்.
ஆலை கதவடைத்த வருஷம்
சம்பள பாக்கிக்கு ஈடாக
என் தம்பி ஐவார்ஸ் தள்ளுவண்டியில் கொண்டுவந்தது.
இருபத்துச் சொச்சம் ஆண்டு பேசாமல் வைத்திருந்துவிட்டுப்
போன வாரம் சொல்கிறான்:
"விற்கணும் வெல்டா. பாரேன்."

லியபாயாவில் ஜனவரிக் காற்று
ஜன்னல் சட்டத்தை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறது.

முதலில் மின்கம்பியை உருவினேன்.
உருவியதும் செத்துவிட்டது என்று நம்பக் கூடாது;
படக்குழாய் பழைய மின்சாரத்தை
வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கும்.
இடது கை கால்சட்டைப் பைக்குள்.
வலது கையில் திருப்புளி,
அதன் கழுத்தில் தரையிணைப்புக் கம்பி.
ரப்பர் தொப்பிக்கு அடியில் நுழைத்தேன்.
டப்.
"என்ன அது?"
"வணக்கம் சொல்லுது."

கிடைமட்டத்துக்கு உயிர் இருக்கிறது.
செங்குத்துதான் படுத்துவிட்டது.
மின்தேக்கிகள்மேல் சந்தேகம் வந்தது.
எல்லாருக்கும் அவற்றின்மேல்தான் வரும்,
வீட்டில் எது காணாமல்போனாலும்
வேலைக்கு வரும் பெண்ணின்மேல் வருவதைப்போல.
மூன்றை மாற்றினேன்.
கோடு.
நான்காவதையும் மாற்றினேன்.
கோடு.
அப்படியானால் சில்லுதான் என்று தீர்ப்பெழுதி
கவுனாஸில் ஒருவரிடம் விலைகூடக் கேட்டுவிட்டேன்.
வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருந்தேன்;
ஒரே இடத்தில் நின்றால்
கோடு திரையில் தழும்பாகிவிடும்.

மூன்றாம் இரவு, பதினொன்றரை.
ஐவார்ஸுக்குப் பொறுமை போயிற்று.
பின்மூடி இல்லாத பெட்டியின் கன்னத்தில்
ஓங்கி ஓர் அறை.
"கையை எடுடா!" என்று நான் கத்துவதற்குள்
கோடு வாய் திறந்தது.
எழுத்துகள்!
மேலிருந்து கீழ்வரை, ஒரு கண்சிமிட்டு நேரம்.
மறுபடி கோடு.

அடி உதவுகிற மாதிரி
அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள்.
அடித்தவனே தம்பியாக இருந்தால்
யாருக்கு நன்றி சொல்வது?

"இன்னொரு தடவை அடி."
"திட்டுவேன்னு நினைச்சேன்."
"மெதுவா. அதே இடத்தில்."

அப்புறம் பென்சிலின் பின்புறத்தால்
நானே பலகையைத் தட்டிக்கொண்டு போனேன்,
தர்பூசணி வாங்குகிறவள் மாதிரி, காதைச் சாய்த்து.
சுருளுக்குப் போகும் இணைப்பான் அருகே
கோடு துள்ளியது.
அணைத்து, டப் வாங்கி, பலகையைத் திருப்பினேன்.
நான்கு ஊசிகள்.
மூன்றாவதைச் சுற்றி ஈயத்தில் ஒரு வட்டம்,
பூதக்கண்ணாடியிலும் மயிரிழைதான்.
ஆலைக் கணக்கர் காலையில் போட, மாலையில் அணைக்க,
சூடாகி ஆறி, சூடாகி ஆறி
ஈயத்துக்கு அலுத்துவிட்டிருக்கிறது.

பற்றவைக்க இரண்டு நொடி.
பைன் பிசின் புகை கொஞ்சம்.
கழற்றிப் போட்ட நான்கு மின்தேக்கிகள்
ஒரு குற்றமும் செய்யாமல் மேசையில் கிடந்தன.
அவற்றைப் பார்க்காமல் திரையைப் பார்த்தேன்.

விரிந்தது.
ஓரங்கள் லேசாக வளைந்து,
வெல்லப்பாகு நிறத்தில் இரண்டே வரி:
இன்றைய தேதி செவ்வாய், 1-1-1980.
புதிய தேதியைத் தரவும்.

"இதைக் கேட்கத்தான் இத்தனை நாளா?" என்றான்.

நாங்கள் இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம்.
பன்னிரண்டு தாண்டி நான்கு நிமிஷம்.
வேலையில் உட்கார்ந்தபோது இருந்த தேதியா,
எழுந்தபோது இருக்கும் தேதியா
என்று நான் யோசிப்பதற்குள்
ஒற்றை விரலால் எண்டரைத் தட்டிவிட்டான்.
செவ்வாய்க்கிழமைக்கு ஆட்சேபம் இல்லை.
கீழே ஒரு சின்னக் கோடு,
இது இருக்க வேண்டிய கோடு,
மின்னி மின்னி நின்றது.

"விலையை ஏற்றிச் சொல்லலாம் இல்ல?"
"சொல்லு.
நாலு மின்தேக்கியையும் சேர்த்துக்கோ."