மினிமம் டியூ

ஊரில் ரூபாய் சறுக்கிய வியாழக்கிழமை
முசஃபாவில் எங்களுக்குப் பெருநாள்.
எக்ஸ்சேஞ்ச் வரிசை
ஷவர்மா கடையைத் தாண்டி நின்றது.
திர்ஹத்துக்கு அறுபது காசு கூடுதல்.
"இன்னிக்கு விட்டா எப்போ?" என்றான் சிலுவைமுத்து.
கையில் காசில்லை.
கேம்ப் வாசலில், டிராலிப் பை இலவசம் என்று
தலையில் கட்டிப்போன கார்டு இருந்தது.

எண்ணாயிரம் உருவினேன்.
இயந்திரம் எதற்கென்று கேட்கவில்லை.
அப்படி மரியாதையாக
யாரும் எனக்குக் கடன் தந்ததில்லை.

மாதாமாதம் குறுஞ்செய்தி வரும்,
அதில் இரண்டு தொகை.
நான் சின்னதைக் கட்டினேன்.
சின்னதைக் கட்டினால்
கடன் தீருமென்று நினைத்திருந்தேன்.
சிரிக்காதீர்கள்.
பத்து மாடிக்குச் சாரம் கட்டுகிறவன் நான்.
எந்தக் குழாய் எவ்வளவு தாங்கும் என்று
பார்த்தே சொல்வேன்.

ஏசி நின்றுபோன ஓர் இரவு
ஓவர்டைம் சீட்டின் முதுகில் கணக்குப் போட்டேன்.
முதல் மாதம் கட்டிய நானூறில்
இருநூற்று நாற்பது வட்டி.
அந்த அறுபது காசில் வந்த மொத்த லாபமே
இருநூற்றுப் பத்து திர்ஹம்.
பதினாலு மாதத்தில்
ஐயாயிரம் கட்டியிருக்கிறேன்,
இன்னும் ஆறாயிரம் பாக்கி.
இரண்டாவது முறையும் அதே விடைதான்.

போட்டிமில் செண்பகவல்லியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
சத்தமே இல்லை.
நெட் போய்விட்டதென்று ஹலோ ஹலோ என்றேன்.

"நானும்தான்."

"என்ன நானும்தான்?"

"வளையலைத் திருப்பவே இல்ல.
நீங்க அனுப்பினது போர் போட்டதுல போச்சு.
தண்ணியும் வரல.
வட்டிய மட்டும் கட்டி
சீட்ட மாத்தி மாத்தி வைக்கிறேன்."

இங்கே வட்டிக்கு வாங்கி அனுப்பியதும்
அங்கே வட்டியை நிறுத்தவில்லை.
நடுவில் ஒரு கடல்,
அதைத் தாண்ட அனுப்புக் கட்டணம் தனி.

சண்டை போட்டிருக்கலாம்.
நான்கூட ஒரு நல்ல வாக்கியம்
யோசித்து வைத்திருந்தேன்.
அதற்குள்
அவள் பேனா தேடும் சத்தம் கேட்டது.
"எத்தனைன்னீங்க? மெதுவா சொல்லுங்க."

இரும்புக்குக் குறியிடும் சுண்ணக்கட்டியால்
மேல்கட்டில் பலகையின் அடியில்
எழுதி வைத்திருக்கிறேன்: ஆறாயிரம்.
படுத்தால் அதுதான் கண்ணில் படும்.
இந்த மாதம் ஆயிரத்து நூறு கட்டிவிட்டு வந்து
கட்டைவிரலால் அழித்து
சின்னதாக எழுதினேன்.
எழுத்தில்லை, எண்ணும் சின்னதுதான்.

"ரூபா இன்னும் இறங்குதாம்ல,"
மேலே புரண்டு படுக்கிறான் சிலுவைமுத்து.
அவன் பாரத்தில்
பலகை வளைந்து
எண் என் முகத்துக்குக் கொஞ்சம்
கிட்டே வருகிறது.