கடை எண் நான்கு, அரவேணு

அட்வான்ஸ் நாற்பதாயிரம்.
குழுவில் எடுத்தது இருபத்தைந்து,
மீதி கழுத்திலிருந்து.
ஆனி மழையில் துணிக்கடை திறப்பார்களா என்றார்
பக்கத்து மருந்துக்கடை பெள்ளி.
ஆடியில் திறந்து
நேரே தள்ளுபடியில் ஆரம்பிக்கட்டுமா என்றேன்.

போர்டு எழுத வந்தவர்
'நிரோஷா ரெடிமே' வரை பெரிதாக எழுதிவிட்டுத்
தகரம் தீர்ந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.
'ட்ஸ்' மட்டும் ஓரமாக
எறும்புபோல் செங்குத்தாய் இறங்குகிறது.
மகளுக்குக் குறையில்லை,
அவள் பெயர் முழுசாக இருக்கிறதே.

திருப்பூரில் ஒன்பது வருஷம் காலர் தைத்தவள் நான்.
காலர் மட்டும்.
ஒரு முழுச் சட்டையைத் தொட்டு
விலை சொன்னது இங்கேதான்.

முதல் மூட்டை மேட்டுப்பாளையம் பஸ்ஸில்
என் மடியில் வந்தது.
கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கிழித்தார்.
குஞ்சப்பனை வளைவில்
அது வாந்தி எடுக்கவில்லை,
நான்தான்.

நான்கு நாள் சில்லறை கேட்டார்கள்,
கோடநாட்டுக்கு வழி கேட்டார்கள்,
ஒருவர் எலி மருந்து.
ஐந்தாம் நாள் காரில் வந்த பெண்
தொங்கிய ஸ்வெட்டர் இருபத்தொன்றையும்
தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு
என்னைக் காட்டி, "இது" என்றாள்.
நான் போட்டிருந்தது.
பொத்தானைக் கழற்றினேன்.
முந்நூற்றைம்பது, பேரம் இல்லை.
"இன்னும் சூடா இருக்கு" என்று சிரித்தபடி
மாட்டிக்கொண்டு போனாள்.
என் சூடு கோடநாடு பார்க்கப் போயிற்று.
ஷட்டர் இறக்கும்வரை
கல்லாவைப் பிடித்துக்கொண்டு நடுங்கினேன்.

அதிலிருந்து தினம் ஒன்றை உடுத்தி நிற்கிறேன்.
கையில்லாத பொம்மை ஆயிரத்தெண்ணூறு சொல்கிறான்.
எனக்குக் கை இருக்கிறது,
அளந்தும் கொடுப்பேன்.
ராத்திரி மடிக்கும்போது நிரோஷா கேட்பாள்:
"இது நம்மளதா, கடையோடதா?"
பின்கழுத்தில் விலைச்சீட்டு உறுத்துகிறதா என்று
தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்கழி கடைசியில் ஹெத்தை பண்டிகை.
ஊரே வெள்ளை உடுத்தும் என்று
அறுபது வெள்ளைச் சட்டை இறக்கினேன்.
மூடுபனி செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து
ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறது.
பதினேழில் மஞ்சள் புள்ளி.
எலுமிச்சை, சோடா உப்பு, வெயில் என்றார்கள்.
முதல் இரண்டும் மளிகைக்கடையில் கிடைத்தன.
பெள்ளி இரண்டு வாங்கினார்,
கண்ணாடி மாட்டிக்கொண்டு, புள்ளி இல்லாததாகத் தேடி.
பதினேழும் சுண்ணாம்பு அடிப்பவர்களுக்குப்
பாதி விலைக்குப் போயின.

பச்சை இலைக்கு விலை ஏறினால் நைட்டி விற்கும்.
இறங்கினாலும் விற்கும்,
கடன் நோட்டில்.

தை பிறந்த வாரம்.
பதினொன்றரை மணிக்கு வீட்டுக் கதவு.
டேன்டீ லைனில் இருக்கும் தவராசா.
"கோடி வேணும்."
சாவியை எடுத்துக்கொண்டு நடந்தோம்.
பஸ் நிறுத்தத்தில் ஒரு காட்டெருமை
கடைசி வண்டியை விட்டதுபோல் நின்றிருந்தது.
அது போகும்வரை காத்திருந்தோம்,
அவரும் பேசவில்லை, நானும்.
ஷட்டரைத் தூக்கி, லைட்டைப் போட்டு,
வாய்ப் பழக்கத்தில்
"என்ன சைஸ்?" என்றேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.
இரண்டு உள்ளங்கையையும் காற்றில் நிறுத்திக்
கொஞ்சம் நெருக்கினார்.
"என்னைவிட ஒல்லி. தம்பி."

முப்பத்தெட்டு எடுத்தேன்.
புள்ளி இருக்கிறதா என்று
வெளிச்சத்தில் இரண்டு தடவை திருப்பினேன்.
காலர் நேராக இருந்தது.
என் தலைக்கு மேல்
'விற்ற துணி வாபஸ் பெறப்படாது' என்ற அட்டையை
அவர் படித்தார், அல்லது
அந்தப் பக்கம் பார்த்தார்.

இருநூற்றெண்பது. அசல் இருநூற்றுப் பத்து.
அந்த எழுபது ரூபாயை
வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தேன்.
குறைக்கவில்லை.

காலையில் வாசலில் எருமைச் சாணி.
கழுவித் தள்ளினேன்.
குழுத் தவணை வியாழக்கிழமை.
மெரூன் ஸ்வெட்டரை மாட்டி,
விலைச்சீட்டை உள்ளே தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.
பொத்தான் போடவில்லை.
யாராவது கேட்டால்
கழற்றச் சுலபம்.