ரசமட்டம்

முதலில் வாங்க வேண்டியது ரயில் அல்ல.
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
ஆகவே ரயிலைத்தான் முதலில் வாங்கினேன்,
மூஸ் ஜாவில், பழைய சாமான் பரப்பிய ஒரு கராஜ் வாசலில்,
பன்னிரண்டு டாலருக்கு:
ஒரு டீசல் எஞ்சின், மூன்று தானியப் பெட்டிகள்.
ஒன்றுக்குச் சக்கரம் இல்லை.

பிறகுதான் தெரிந்தது
தண்டவாளம் வெட்டத் தனிக் குறடு உண்டு என்று.
அதற்குள் சமையலறைக் கத்தரி செத்திருந்தது.
குறடும் லேசுப்பட்டதல்ல.
ஒரு முகம்தான் அதற்கு ஒழுங்கு.
பார்க்காமல் பிடித்தால்
வேண்டிய துண்டு மூக்கறுபடும்,
குப்பைக்குப் போவது வழுவழுவென்று இருக்கும்.

வெட்டிய முனைக்கு அரம்.
ஒரே திசையில் தள்ள வேண்டும், அவசரமில்லாமல்.
இதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
பகலெல்லாம்
அடுத்தவர் பற்களில் அதைத்தானே செய்கிறேன்.

கிளினிக்கில் கூர் மழுங்கித் தூக்கிப்போடும் கொக்கிகளைக்
கேட்டு வாங்கிக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தேன்.
தண்டவாள இடுக்கில் ஒட்டிய சரளையைக் கிளற
இதைவிட நல்லது எந்தக் கடையிலும் இல்லை.
வாயைத் திறங்கள் என்று கெஞ்ச வேண்டியதில்லை,
அவ்வளவுதான் வித்தியாசம்.

சால்டரிங் கோலை மட்டும் பயந்து பிடித்தேன்.
ஈயத்தைச் சுடாதே, இரும்பைச் சுடு,
ஈயம் தானாக வரும்.
வந்தவுடன் எடு.
ஒரு மூச்சு தாமதித்தால் பிளாஸ்டிக் கட்டைகள்
மெழுகுபோல் படுத்துவிடும்.
ஏழு படுத்தன.

வெளியே மைனஸ் முப்பத்திநான்கு.
இரவு பத்தேகாலுக்கு நிஜ சரக்கு ரயில் ஊரைக் கடக்கும்போது
பேஸ்மென்ட் சுவர் நடுங்கும்,
என் மூன்று பெட்டிகளும் கிடுகிடுக்கும்,
அவற்றையும் யாரோ கூப்பிட்டதுபோல.

எல்லாம் ஓடியது.
வடக்கு வளைவில் மட்டும் கவிழ்ந்தது.
ஒவ்வொரு தடவையும் அங்கேயே,
நான் அட்டையில் ஒட்டிய தானியக் கிடங்குக்கு ஒரு சாண் முன்னால்.
அளவுச் சில்லை வைத்துப் பார்த்தேன்:
பதினாறரை மில்லிமீட்டர், முடியளவும் பிசகில்லை.
மல்டிமீட்டர் மின்சாரம் உண்டு என்றது.
பல் பார்க்கும் கண்ணாடியை அடியில் நுழைத்து
இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
சொத்தை இல்லை.
எஞ்சினுக்கு வயசாகிவிட்டது என்றான் பகீரதன்,
பொட்டாஷ் ஆலைக்கு இரவு வேலைக்குக் கிளம்பியபடி.

ரசமட்டம் ஒன்பது டாலர்.
மேசைமேல் வைத்தேன். குமிழி வடக்கே போனது.
சரி, மேசை கோணல்.
தரையில் வைத்தேன். வடக்கே போனது.
படிக்கட்டில், ஒவ்வொரு படியிலும்.
மேலே வந்து அடுப்பு மேடையில்.
ஜன்னல் கட்டையில்.
கட்டில் சட்டத்தில், அவன் தலைமாட்டில், என் தலைமாட்டில்.
பச்சை நீருக்குள் அந்தச் சின்னக் காற்று
ஒரே திசைக்குத்தான் நகர்ந்தது.

குளியலறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்வதற்கு
ஆறு வருடமாக ஒருவரையொருவர் திட்டியிருக்கிறோம்.

கோடையில் வெடித்து, வசந்தத்தில் உப்பும் களிமண்.
அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது வீடு,
ஒரு பக்கம் ஒருக்களித்து.
முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள்.
எங்கள் கோணலுக்கு
இன்னும் பத்தொன்பது வருடத் தவணை பாக்கி.

விடிகாலை வந்தவனிடம் காட்டினேன்.
பூட்ஸைக் கழற்றாமலே குனிந்து
எஞ்சின் இல்லாத ஒரு பெட்டியை
வளைவின் தலைப்பில் வைத்து விரலை எடுத்தான்.
அது தானாகப் போனது,
வேலைக்குப் போகிற மனுஷன் மாதிரி.
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை.

இரண்டு கால்களுக்கு அடியில் தகடு கொடுத்தேன்,
மெல்லியது நான்கு, தடித்தது ஒன்று,
குமிழி கோடுகளுக்கு நடுவே நிற்கும்வரை.
ரயில் இப்போது கவிழ்வதில்லை.

இந்த வீட்டில் சமமாக இருப்பது அந்த மேசை ஒன்றுதான்.
அதனால் பகீரதன் தன் தேநீரை அங்கேதான் கொண்டுவந்து வைக்கிறான்,
கிடங்குக்கும் நிலையத்துக்கும் நடுவே, பாதையின்மேல்.
எடு என்கிறேன்.
எடுக்கிறான்.
நாளைக்கும் வைப்பான்.