ஏழாவது விளக்கு

குருமண்வெளித் துறையடிக் கம்பத்தில்
ஏழாவது விளக்கையும் உடைத்துவிட்டார்கள்.
ஏணியைச் சாத்தி ஏறினேன்.
கண்ணாடித் தூள் கொலருக்குள் இறங்கிற்று.
கீழே நிரோஜன் கணக்கெழுதினான்:
கூடு ஒன்று, பல்ப் ஒன்று,
சபைக்கு நட்டம் நாலாயிரத்துச் சொச்சம்.

கூட்டத்தில் உபதவிசாளர் மேசையைத் தட்டினார்.
கசிப்புக் குடிக்கிற பொடியன்கள்தான் என்றார்.
பொதுச் சொத்து என்றார்.
பெண்களின் பாதுகாப்புக்கென்றே
பார்த்துப் பார்த்துப் போட்ட வெளிச்சம் என்றார்.
பார்த்துப் பார்த்து.
நான் அப்போது அதைச் சும்மா கேட்டபடி
தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவதைப் பூட்டிய இரவு
கட்டிக்கிடந்த பாதையில் ஏறிப் படுத்தேன்.
எங்கள் பக்கம் பாதை என்றால் மிதக்கும்;
ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி
மண்டூருக்குப் போய்வரும்.
அடியில் ஆற்றுவாழை உரசியது.
நுளம்பு தின்றது.

பத்தரைக்கு ஒருத்தி வந்தாள்.
கடைசி பஸ்ஸில் இறங்கி
சோறாக்கி இறக்கிவிட்டு வந்த முகம்.
தோளில் துவாய், வாளியில் சவர்க்காரப் பெட்டி,
அதற்கடியில் மூன்று சல்லிக்கல்.
முதல் கல் தப்பியது.
இரண்டாவது தப்பவில்லை.
இருட்டு வந்ததும் பொதுக்கிணற்றில்
கப்பி கிறீச்சிட்டது.

இருமினேன். அவள் ஓடவில்லை.
"வெளிச்சம் எங்களுக்கெண்டுதானே போட்டீங்க?
வீட்டுக் கிணறு உப்பு. குளிக்க இஞ்சதான் வரோணும்.
அந்தா, வாங்கில குந்தியிருக்கிறவனுகளிட்டக் கேளுங்க
ஆருக்கு வெளிச்சமெண்டு."

சீமெந்து வாங்கு.
'அமரர் வேலாப்போடியார் நினைவாக'.
அதன் மேல் மூன்று சிகரெட் நெருப்பு
ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து அணைந்தது.

ஒன்பதாவதைப் பூட்டும்போது
விளக்கின் கழுத்தைத் திருப்பிவிட்டேன்.
கிணற்றடி இருட்டு. வாங்கு பகல்.
அன்றிரவு முகங்கள் தெரிந்தன.
இரண்டு பேர் அடுத்த ஊர்.
மூன்றாவது ஆள்
எனக்குப் பல்ப் எண்ணித் தருகிற
எங்கள் ஸ்டோர் கீப்பர்.

அறிக்கையில் எழுதினேன்:
சந்தேக நபர் அடையாளம் காணப்படவில்லை.
எழுதும்போது எவரை நினைத்தேனோ.

மாசி தாண்டியும் விளக்கு எரிகிறது.
பங்குனி முதல் கிழமை
வாங்கு இரண்டாகப் பிளந்து கிடந்தது.
அமரர் ஒரு பக்கம், நினைவாக மறுபக்கம்.
ஒற்றைக் கையின் வேலையில்லை.
நிரோஜன் குனிந்து பார்த்தான்.
"இதுக்கும் ஆளைத் தெரியுமா அண்ண?"
உடைவின் ஓரத்தில்
சவர்க்கார நுரை காய்ந்திருந்தது.

சீமெந்து வரட்டும், பார்ப்பம் என்றேன்.
இன்னும் வரவில்லை.
நான் கேட்கவும் இல்லை.