வெளியேறிய நேரம்

ரெஜைனா. தை மாதம். சைபருக்குக் கீழே இருபத்தேழு.
பேனா மை உறைந்துவிடும் என்று
பென்சில் கொண்டுவந்திருந்தேன்.

முதலில் உள்ளே போனது நான்தான்.
உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை,
மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.
குசினி ஓரத்தில் மைரன், கண் திறந்தபடி,
கேட்ட கேள்விக்குப் பதில் யோசிப்பவர் மாதிரி.
கழுத்தில் இரண்டு விரல் வைத்தேன்.
அடுப்பில் பீட்ரூட் சூப் அடிப்பிடித்துக் கருகியது.
அணைத்தேன். அணைத்ததை எழுதினேன்:
முன்வரிசை, இடப்பக்கம், வலக்கை, கையுறையோடு.
அறை அறையாய்ப் பார்த்தேன், அலுமாரிக்குள்ளும்.
போன வழியாலேயே திரும்பினேன்,
என் சப்பாத்துத் தடத்தில் என் சப்பாத்தையே வைத்து.

இனி நீதவானின் ஆணை வரும்வரை
வீடு வீடில்லை.
யாரும் போக முடியாது. நானும்தான்.

மஞ்சள் நாடாவை எல்ம் மரத்தில் முடிந்து
அயல்வீட்டு வேலி, என் காரின் பக்கக் கண்ணாடி என்று
இழுத்துக்கொண்டு போனேன்.
போதவில்லை. கடைசி இரண்டு மீற்றருக்கு
நானே நின்றேன்.

பின்வளவில் பனிமேல் ஒற்றைக் காலடி,
வீட்டுக்கு முதுகு காட்டியபடி.
மேலே பனி கொட்டத் தொடங்கிவிட்டது.
யாருடையதோ நீலக் குப்பைப் பெட்டியை வெறுமையாக்கி
அதன்மேல் கவிழ்த்தோம்.
விடியுமட்டும் ப்ரூஸ்டர் அதை விட்டு அசையவில்லை,
அடைக்கோழி தோற்றது.

என் கையில் பதிவேடு:
பெயர், இலக்கம், உள்ளே வந்த நேரம்,
காரணம், வெளியேறிய நேரம்.

இன்ஸ்பெக்டர் ஹால்வர்சன் கோப்பியோடு வந்தார்.
"சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேன்."
பென்சிலை நீட்டினேன்.
காரணம் என்ற கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு காருக்குத் திரும்பிவிட்டார்.

ஐந்து மணிபோல் தம்பிக்காரர்,
சஸ்கட்டூனிலிருந்து இருட்டில் ஓடி வந்திருந்தார்.
"கண்ணை மட்டும் மூடிவிட்டு வருகிறேன்."
முடியாது என்பதை மூன்று விதமாய்ச் சொன்னேன்.
மூன்றும் ஒன்றுதான்.
நானும் மூடவில்லை என்று சொல்ல வாய் வந்தது.
அது ஆறுதலா, அவமானமா,
தெரியாததால் காரின் ஹீற்றரைக் கூட்டி
உள்ளே இருக்கச் சொன்னேன்.
இருக்கவில்லை. நாடாவைத் தொடாமல்
நாடாவுக்கு ஒரு விரல் தள்ளி நின்றார்.

5:52. சாம்பல் பூனை ஒன்று
குனியாமலே நாடாவைக் கடந்து
கதவடியில் இருந்த பூனைவாசலால் நுழைந்தது.
கூப்பிட்டேன். பதற்றத்தில் தமிழில் கூப்பிட்டேன்.
நிற்கவில்லை.
எழுதினேன்.
பெயர்: பூனை. இலக்கம்: இல்லை. காரணம்: வீடு.

பதினான்கு மாதம் கழித்து
எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வரியை
நீதிமன்றத்துக்கு உரக்க வாசித்தார்.
ஜூரிகளிலும் இருவர் சிரித்தார்கள்.
"கொன்ஸ்டபிள் நிரோஜா அருட்செல்வம்,
பூனைக் கணக்கும் உங்கள் கடமையா?"
குசினித் தரையில் இரத்தம் இழுபட்டிருந்த ஒரு கோட்டை
முகமில்லாத இரண்டாவது மனிதனாக்க
அவர் இரண்டு நாளாய் வாதாடிக்கொண்டிருந்தார்.
படத்தில் கோடு முடியும் இடத்தில்
நான்கு விரல் பதிந்த சின்னப் பாதம்.
ஆம் என்றேன்.

விடவில்லை அவர். "சரி, எப்போது வெளியே போனது?"
அந்தக் கட்டம் வெறுமை.
நான் காணவில்லை. காணாததை எழுதவில்லை.
அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

அவர் கேட்காத ஒன்று அதே தாளின் அடியில்:
மைரன். வெளியேறியது 9:40, இருவர் தூக்கி.
உள்ளே வந்த நேரத்தில் ஒரு கோடு மட்டும்,
அவர் வந்தபோது வாசலில் நானில்லை.
காரணத்துக்கு என்ன போடுவது என்று
விரல் விறைக்க நின்றுவிட்டு,
மேலே பூனைக்கு எழுதியதையே எழுதினேன்.