தராசு பழுதான நாள்

பகாவுக்கு வெளியே, செம்பனை ஆலை வாசலில்
விடிந்ததிலிருந்து தராசு வேலை செய்யவில்லை.
பதினேழு லோரி வரிசையில்.
குலைகள் வெயிலில் எண்ணெய் கசிகின்றன.
பசியாற வந்தவர்கள் எழுந்து போக வழியின்றி
என் கடையில் உட்கார்ந்து
கடவுளைப் பிடித்துக்கொண்டார்கள்.

எல்லாம் ஞானமிக்கேல் லோரியின் முதுகால் வந்தது.
புது மஞ்சள் சாயத்தில் ‘தேவகுமாரன் துணை’.
அதன் பின்னால் மூன்று மணி நேரம் நின்ற உதுமான் கனிக்கு
வாசிக்க வேறொன்றும் இல்லை.

“ஈசா நபிய நாங்களும் மதிக்கிறவங்கதான் மிக்கேலு.
மகன்னு மட்டும் சொல்லாத.
மகன் எதுக்கு? வயசானா கஞ்சி ஊத்த, செத்தா தூக்க.
வயசாகாதவனுக்கு, சாகாதவனுக்கு
வாரிசு எதுக்கு?
பக்கத்துல இன்னொரு நாற்காலி போட்டுட்டு
ஒருத்தன்னு எப்படிச் சொல்லுவ?”

மிக்கேல் ரொட்டியைக் கிழிப்பதை நிறுத்தினார்.
“கல்யாணம், தொட்டில், அதெல்லாம் யார் சொன்னா?
அந்த அடுப்பப் பாரு.
நெருப்பு எப்பப் பத்திச்சோ அப்பவே வெளிச்சம்.
எது முந்தி, எது பிந்தி?
முந்தி பிந்தி இல்லாத உறவுக்கு
நம்மகிட்ட வேற வார்த்தை இல்ல கனி.
அதான் மகன்.”

தண்ணிமலை வாயில் வடையோடு சிரித்தார்.
“எங்க வீட்ல ரெண்டு பேரு.
ஒருத்தன் அம்மா மேலழுக்குல, ஒருத்தன் அப்பா நெத்திப் பொறியில.
பெத்ததுன்னு பாத்தா ரெண்டையும் பெக்கல.
சின்னவன் கோவிச்சுக்கிட்டு மலையேறினான்,
அப்பனையே குந்த வச்சுப் பாடம் எடுத்தான்.
புள்ள வளக்காத சாமிகிட்ட
என் புள்ள படுத்துற பாட்ட எப்படிப் போய் அழுவேன்?”

“அழுறதக் கேக்க அவனுக்குப் புள்ள வேணுமா?
கேக்குறவன்தானே அவன்!”
கனி மேசையைத் தட்டினார். சாம்பார் சிந்தியது.

எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்ற எனக்கு
மூவர் சொன்னதும் சரியாகவே பட்டது.
அதுதான் தொல்லை.

யுகேந்திரன் தே ஓ எடுத்துப் போனான்.
ஆறு முடிந்து ஏழு. அடுத்த மாதம் பள்ளிக்கூடம்.
பச்சை உறைக்குள் அவன் சூராட் பெரானா தயாராக இருக்கிறது.
தகப்பன் பெயர்க் கட்டத்தில்
தகவல் கிடைக்கவில்லை என்று மலாயில் அச்சு.

கிடைக்கவில்லையாம்.
முகப்பில் இருந்த பெண் இரண்டு முறை கேட்டாள்,
கருணையாகத்தான் கேட்டாள்.
நான்தான் கொடுக்கவில்லை.

மூவரில் ஒருவர்
கோப்பையை வாங்கும்போது என் மகனின் முகத்தைப் பார்ப்பதில்லை.
விரலைப் பார்ப்பார்.
கட்டைவிரல் கொஞ்சம் வெளியே வளைந்திருக்கும்,
இரண்டு பேருக்கும்.

யாரென்று சொல்ல மாட்டேன்.
சொன்னால் பழி ஒரு கோவில்மேல் போய் விழும்,
அல்லது மாதாமேல், அல்லது பள்ளிவாசல்மேல்.
அது அந்த ஒரு ஆளுடையது.

ஆண்டவனால் முடியுமா முடியாதா
என்று வெளியே இன்னும் ஓடுகிறது.
முடிவதில் என்ன இருக்கிறது?
இந்த வட்டாரத்தில் முடியாதவன் யார்?
இவன் என் மகன் என்று
நாலு பேர் காதில் விழச் சொல்வதல்லவா காரியம்.
ஆற்றங்கரையில் வானம் திறந்து
ஒரு குரல் அப்படிச் சொன்னதாக
மிக்கேல் ஒருநாள் கதை சொன்னார்.
நான் சாமி கும்பிடுவது தண்ணிமலை கும்பிடும் இடத்தில்தான்.
ஆனாலும் அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று
மாவு பிசையும்போது யோசித்திருக்கிறேன்.

பதினொன்றரைக்கு ஆலைச் சங்கு.
தராசு சரியாகிவிட்டது.
பேச்சைப் பாதியில் விட்டு ஓடினார்கள்.
தேவகுமாரன் முன்னால், கனி பின்னால்,
சேற்றுத் தண்ணீர் இருவர்மேலும்.

யுகேந்திரன் மூன்று தட்டையும் ஒன்றாக அடுக்கி வந்தான்.
அடியில் பத்து வெள்ளி,
கணக்குக்கு மேல், எப்போதும்போல.
எந்தத் தட்டில் இருந்தது என்றேன்.
“தெரியலம்மா. அடுக்கிட்டேன்.”

வாங்கி டின்னில் போட்டேன்.
அது தனி டின்.